படத்தை வைத்து மாணவரை மிரட்டினால் பள்ளி முதல் நாளில் என்ன செய்ய வேண்டும்?

நொய்யல்கரை (கேள்வி)

வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றின் மேலாண்மைக் குழுவுக்காக ஒரு பக்க நடைமுறைக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறோம். ஒரு பிள்ளை வகுப்பு ஆசிரியரிடம் வந்து, "இன்ஸ்டாகிராமில் ஒருத்தர் என் படத்தை வச்சு மிரட்டறாங்க" என்று சொன்னால், அந்த நிமிடத்திலிருந்து அன்று மாலைக்குள் யார் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் குறிப்பு. படம் உண்மையானதாகவும் இருக்கலாம், முகத்தை ஒட்டி ஏ.ஐ. செயலியில் உருவாக்கியதாகவும் இருக்கலாம்.

குழுவில் ஒத்த கருத்து வராத இடங்கள் நான்கு. போனை உடனே வாங்கி வைக்கலாமா? முதலில் யாருக்குச் சொல்வது, தலைமை ஆசிரியருக்கா, பெற்றோருக்கா, போலீசுக்கா? "வீட்டுக்குச் சொல்லாதீங்க" என்று பிள்ளை கெஞ்சினால் என்ன பதில் சொல்வது? மிரட்டுவதும் அதே பள்ளி மாணவன் என்றால் பள்ளிக்குள்ளேயே முடித்துக்கொள்ளலாமா? விவரம் தெரிந்தவர்கள் பிரிவு எண்ணோடு சொன்னால் ஆசிரியர்களிடம் எடுத்துச் சொல்ல வசதியாக இருக்கும்.

சட்டத்துணை

முதலில் சட்டம். போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும்) சட்டத்தின் 11ஆம் பிரிவில் ஐந்தாவது உட்பிரிவைப் படித்துப் பாருங்கள். பாலியல் நோக்கத்தோடு, குழந்தையின் உடலைக் காட்டும் படத்தை ஊடகத்தில் பயன்படுத்துவேன் என்று மிரட்டுவதே அங்கே குற்றம். படம் உண்மையா, புனையப்பட்டதா என்ற வேறுபாடு கிடையாது. ஆகவே "அது ஏ.ஐ. படம்தானே, நிஜம் இல்லையே" என்று எந்த ஆசிரியரும் ஒதுக்கிவிட முடியாது. தண்டனை 12ஆம் பிரிவில், மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும். பணம் கேட்டு மிரட்டினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 308ஆம் பிரிவும் சேரும். படம் ஏற்கெனவே பரவியிருந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் குழந்தைகளின் பாலியல் படங்களைப் பரப்புவதற்கான 67பி பிரிவும் வருகிறது.

இரண்டாவது, தகவல் சொல்லும் கடமை. போக்சோவின் 19ஆம் பிரிவு தலைமை ஆசிரியரை மட்டும் கட்டுப்படுத்துவதல்ல, விவரம் தெரிந்த ஒவ்வொருவரையும் கட்டுப்படுத்துகிறது. வகுப்பு ஆசிரியர் ஹெச்.எம்.மிடம் சொல்லிவிட்டதாலேயே அவர் கடமை தீர்ந்துவிடாது. தகவல் சிறப்பு இளஞ்சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர் காவல் நிலையத்துக்கோ போய்ச் சேர வேண்டும். சொல்லாமல் விட்டால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். நிறுவனத் தலைவர் தன் கீழுள்ளவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓர் ஆண்டு வரை. நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்கு வராது என்று 19(7) பாதுகாப்புத் தருகிறது. பெற்றோர் சம்மதம் தேவையில்லை. ஆதாரம் முழுமையாகச் சேர வேண்டும் என்றும் இல்லை. குற்றம் நடக்கக்கூடும் என்ற அச்சமே போதும்.

பெரும்பாலான பள்ளிகள் சறுக்குவது இந்த இடத்தில்தான். "முதலில் நாங்கள் விசாரித்து உண்மையா என்று பார்க்கிறோம்" என்று ஒரு கமிட்டி உட்காரும். பிள்ளை ஒரே விஷயத்தை ஐந்து பேரிடம் சொல்லும். ஒவ்வொரு முறையும் வார்த்தை கொஞ்சம் மாறும். அந்த மாற்றத்தைத்தான் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நீதிமன்றத்தில் பிடித்துக்கொள்வார். அதற்குள் மிரட்டியவன் கணக்கையும் அழித்திருப்பான். உண்மையா என்று கண்டுபிடிப்பது பள்ளியின் வேலை இல்லை என்பதைக் குறிப்பின் முதல் வரியாகவே போடுங்கள்.

எங்கே போவது: பக்கத்தில் உள்ள அனைத்து மகளிர் காவல் நிலையம் அல்லது மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையம். "எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது. எல்லை எதுவானாலும் தகவலைப் பதிய வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173ஆம் பிரிவு சொல்கிறது. முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும்.

பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது: பிள்ளை ஸ்டேஷனுக்கு வந்துதான் வாக்குமூலம் தர வேண்டும் என்பதில்லை. போக்சோ 24ஆம் பிரிவின்படி வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து பதிய வேண்டும். பெற்றோரோ பிள்ளை நம்பும் ஒருவரோ உடன் இருக்கலாம். இரவில் எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையை நிலையத்தில் வைக்கக் கூடாது. இதை முதலிலேயே சொன்னால் பாதிப் பெற்றோரின் தயக்கம் போய்விடும்.

பைனரி_மதுரை

போன் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பிடுங்காதீர்கள், அணைக்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள், செயலியை நீக்கச் சொல்லாதீர்கள். பயந்துபோன பிள்ளையும் பெற்றோரும் முதலில் செய்வது எல்லாவற்றையும் அழிப்பதுதான். அதோடு ஆதாரமும் போகும். பிள்ளை கையிலேயே போன் இருக்க, பக்கத்தில் உட்கார்ந்து இந்த வரிசையில் பதிவு செய்யுங்கள்.

மிரட்டுபவரின் ப்ரொபைல் பக்கம் முதலில். மேலே தெரியும் பெயர் போதாது, யூசர்நேம் வேண்டும். காட்டும் பெயரை யாரும் எதுவாகவும் வைக்கலாம். ப்ரொபைல் லிங்க்கைத் தனியாகக் காப்பி செய்து எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து மிரட்டல் வரிகள், முதலிலிருந்து கடைசி வரை, தேதி நேரம் தெரிய. இன்ஸ்டாகிராம் உரையாடலை இடப்பக்கம் இழுத்துப் பிடித்தால் ஒவ்வொரு செய்தியின் நேரமும் வரும். வாட்ஸ்அப் என்றால் எண்ணை நாட்டுக் குறியீட்டோடு. பணம் கேட்டிருந்தால் யு.பி.ஐ. ஐ.டி., கியூஆர் கோடு, வங்கிக் கணக்கு எண். படம் எங்காவது ஏற்றப்பட்டிருந்தால் அந்தப் பக்கத்தின் முழு லிங்க்.

கவனிக்க வேண்டிய மூன்று. டெலிகிராமில் எதிராளி நினைத்தால் இரண்டு பக்கத்திலும் உரையாடலை அழித்துவிட முடியும். அதனால் டெலிகிராம் என்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைப் பதியுங்கள். இன்ஸ்டாகிராமில் தானாக மறையும் செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் எதிராளிக்கு அறிவிப்பு போகும். வாட்ஸ்அப்பில் ஒருமுறை மட்டும் பார்க்கும் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுக்கவே முடியாது. இந்த இரண்டு இடங்களிலும் வேறொரு போனால் திரையைப் படம் எடுக்கலாம், எழுத்து மிரட்டலை மட்டும்.

ஏனென்றால், அந்தரங்கப் படத்தை மட்டும் யாரும் தன் போனுக்கு எடுக்கவே கூடாது. ஆசிரியர் ஹெச்.எம்.முக்கு அனுப்பி, ஹெச்.எம். மேலதிகாரிக்கு அனுப்பி, அங்கிருந்து ஒரு குரூப்புக்குப் போய்விட்டால், மிரட்டியவன் செய்ய நினைத்ததைப் பள்ளியே செய்து முடித்ததாகிவிடும். குழந்தையின் பாலியல் படத்தை வைத்திருப்பது போக்சோ 15ஆம் பிரிவில் வருகிறது. 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை மிகக் கண்டிப்பாக விளக்கிவிட்டது. புகாருக்கும் நீதிமன்ற ஆதாரத்துக்கும் சட்டத்தில் விலக்கு உண்டு என்றாலும், படம் பிள்ளையின் போனிலேயே இருக்கட்டும், போலீஸ் நேரே எடுத்துக்கொள்ளும். மின்னணு ஆதாரத்துக்கு பாரதிய சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63(4)இன்படி ஹாஷ் மதிப்போடு (கோப்பின் கைரேகை போன்ற எண்) சான்றிதழ் வேண்டும். மூலப் போன் கெடாமல் இருந்தால் அது சுலபம்.

பதிவு முடிந்ததும் செயலிக்குள்ளேயே ரிப்போர்ட், பிறகு பிளாக். முதலில் பிளாக் செய்துவிட்டுப் பிறகு தேடினால் ப்ரொபைல் பக்கத்தைப் பிடிப்பது சிரமம். பதில் எதுவும் எழுத வேண்டாம், "போலீசுக்குப் போவேன்" என்றுகூட. அப்படி எழுதினால் கணக்கு மறைந்துவிடும்.

மனநல_ஆலோசகர்

போனுக்கும் முந்தின அரை மணி நேரம் ஒன்று இருக்கிறது. படத்தை வைத்து மிரட்டப்படும் வளரிளம் பருவத்தினர் உயிரை மாய்த்துக்கொள்ளும் ஆபத்து உண்மையானது, குறிப்பாகப் படம் வெளியாகிவிடும் என்று கெடு வைக்கப்பட்டிருக்கும்போது. ஆண் பிள்ளைகளிடம் இதை நாம் எதிர்பார்ப்பதே இல்லை. ஆனால் பெண் பெயரில் போலிக் கணக்கு, இரவில் வீடியோ கால், பதிவு செய்த வீடியோவை ஓடவிட்டு இந்தப் பக்கத்தைப் படம்பிடிப்பது, உடனே நண்பர்கள் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிப் பணம் கேட்பது என்ற முறை பெரும்பாலும் பையன்களைக் குறிவைக்கிறது. மிரட்டல் தொடங்கிச் சில மணி நேரத்துக்குள் பையன் உடைந்துபோகிறான்.

ஆகவே பிள்ளையைத் தனியே விடாதீர்கள். தண்ணீர் குடிக்க, கழிவறைக்கு என்றாலும் யாராவது கூடப் போகட்டும். "சாகணும்னு தோணுதா?" என்று நேரடியாகக் கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, அடைத்து வைத்ததைச் சொல்ல வழி கிடைக்கும். ஆமாம் என்றால் அன்றே மருத்துவமனை. இரவில் யார் துணைக்கு என்பதையும் பள்ளி விடும் முன்பே பெற்றோரோடு பேசி முடிவு செய்யுங்கள். டெலி மானஸ் 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

சொல்ல வேண்டிய வார்த்தைகள் சுருக்கமானவை. "சொன்னது நல்லது. தப்பு மிரட்டறவங்களோடது. இதுக்கு வழி இருக்கு, நாங்க கூட இருக்கோம்." அவ்வளவுதான். "ஏன் அனுப்பின? உனக்கு அறிவு வேண்டாமா?" என்ற ஒரு கேள்வி போதும், அந்தப் பிள்ளை அதற்கு மேல் வாய் திறக்காது. அடுத்த பிள்ளையும் வராது.

ஆசிரியர் கேட்க வேண்டியது ஒன்றே: "என்ன நடந்துச்சு, உனக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்லு." "அவன் இப்படிச் செய்தானா, அப்படிச் சொன்னானா" என்று எடுத்துக்கொடுக்காதீர்கள். பிள்ளை சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே, பேச்சு வழக்கிலேயே, தேதி நேரம் போட்டு அன்றே எழுதிக் கையெழுத்திட்டு வையுங்கள். நல்ல தமிழில் திருத்தி எழுதக் கூடாது.

ரகசியம் பற்றி: "யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், காப்பாற்ற முடியாது. "உன்னைப் பாதுகாக்க வேண்டியவங்க ரெண்டு மூணு பேருக்குச் சொல்லித்தான் ஆகணும். யாருக்கு, எப்ப, எப்படின்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்" என்று சொல்லலாம். வீட்டில் முதலில் யாரிடம் சொல்வது என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும்: அம்மாவா, சித்தியா, அண்ணனா. பெற்றோரைப் பள்ளிக்கு அழைத்து, ஆலோசகரோ நம்பிக்கையான ஆசிரியரோ முன்னிலையில் சொல்லுங்கள். போனில் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டால் வாசலிலேயே அடி விழக்கூடும். வீட்டில் ஒருவரே குற்றவாளியாக இருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால் வீட்டுக்குச் சொல்லும் முன் குழந்தைகள் உதவி எண் 1098.

ஓய்வுதலைமைஆசிரியர்

நல்ல தகவல்கள். ஆனால் மிரட்டுவது அதே வகுப்புப் பையன் என்றால் இரண்டு பெற்றோரையும் கூப்பிட்டு, படத்தை அழிக்கச் சொல்லி, எழுதி வாங்கிக்கொண்டு, பையனுக்கு டி.சி. கொடுத்து அனுப்புவதுதான் இரண்டு பிள்ளைகளுக்கும் நல்லது என்பது என் கருத்து. பதினைந்து வயதுப் பையன் மேல் போக்சோ எப்.ஐ.ஆர். என்றால் அவன் வாழ்க்கையே போய்விடுமே.

சட்டத்துணை

ஐயா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் அந்தக் கவலைக்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது, மறைப்பது தேவையில்லை.

18 வயது நிறையாதவர் செய்தால் இளைஞர் நீதிச் சட்டம் 2015 பொருந்தும். அதன் 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகளில் 8ஆம் விதியைப் பாருங்கள்: கொடுங்குற்றம் அல்லது பெரியவர்களோடு சேர்ந்து செய்த குற்றம் தவிர மற்றவற்றில் சிறுவர் மீது எப்.ஐ.ஆர். போடுவதே இல்லை. பொது நாட்குறிப்பில் பதிந்து, சமூகப் பின்னணி அறிக்கையோடு இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்புவார்கள். குறைந்தபட்சத் தண்டனை ஏழு ஆண்டோ அதற்கு மேலோ உள்ளவைதான் கொடுங்குற்றம். மிரட்டலுக்கான போக்சோ 12ஆம் பிரிவின் உச்சமே மூன்று ஆண்டு. குழுமம் அறிவுரை, குழு ஆலோசனை, சமூகப் பணி போன்றவற்றுக்கு உத்தரவிடலாம். அந்தப் பதிவால் பின்னாளில் வேலைக்கோ படிப்புக்கோ தகுதிக்குறைவு வரக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. பொறுப்பைக் கையாளத் தெரிந்த குழந்தை நலக் காவல் அலுவலர் ஒவ்வொரு நிலையத்திலும் இருக்க வேண்டும். அவரைக் கேட்டுப் பேசுங்கள்.

எழுதி வாங்கினால் என்ன ஆகும்? படம் இன்னும் எத்தனை போனில் இருக்கிறது என்பது அந்தப் பையனுக்கே தெரியாது. பல நேரங்களில் அவனே வேறொருவரின் மிரட்டலில் இருப்பான், அல்லது ஒரு பெரியவர் அவனை வைத்துப் படம் சேகரித்திருப்பார். பள்ளி அறையில் அது வெளியே வராது. டி.சி. கொடுத்தால் பிரச்சினை அடுத்த பள்ளிக்கு இடம் மாறும். சமரசமும் செல்லாது: ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர் மீதான வழக்கைப் பெற்றோருடனான சமரசத்தைக் காட்டி உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்து வழக்கைத் தொடரச் சொன்னது.

பள்ளி செய்யக்கூடியது, பாதிக்கப்பட்ட பிள்ளை இடம் மாறாமல் மற்றவனின் வகுப்புப் பிரிவு, பேருந்து, தேர்வறை ஆகியவற்றை மாற்றுவது. பெரும்பாலும் தலைகீழாக, பெண் பிள்ளையை வீட்டில் இருக்கச் சொல்கிறார்கள். அது கூடாது. பெயர், பள்ளி, ஊர் எதையும் வெளியிடக் கூடாது என்பது போக்சோவின் 23ஆம் பிரிவு; பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் "9பி மாணவி" என்று போடுவதும் அதில் வரும்.

நொய்யல்கரை

மிக்க நன்றி. இரண்டு விஷயம் பாக்கி. படத்தை இறக்க வைப்பது எப்படி? பையன் ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால்?

பைனரி_மதுரை

பணம் அனுப்பியிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930, மற்ற வேலைகளுக்கு முன்னால். யு.பி.ஐ. செயலியின் பரிவர்த்தனை விவரத்தில் 12 இலக்க யு.டி.ஆர். எண் (பரிவர்த்தனைக் குறிப்பு எண்) இருக்கும், அது, தொகை, நேரம், எந்த வங்கியிலிருந்து என்ற நான்கும் கையில் இருக்கட்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகரும் முன் நிறுத்தி வைக்கத்தான் அந்த எண். ஒரு மணி நேரம் தாமதித்தால் வாய்ப்பு வெகுவாகக் குறையும். இனி ஒரு ரூபாயும் அனுப்பக் கூடாது. ஒருமுறை கொடுத்தவர் மறுபடி கொடுப்பார் என்பதுதான் அவர்கள் கணக்கு. கொடுத்ததற்காகப் படத்தை அழிப்பதில்லை.

படத்தை இறக்க மூன்று வழியையும் ஒரே நாளில் செய்யுங்கள். தேசிய சைபர் குற்ற முறையீட்டுத் தளத்தில் பெண்கள், குழந்தைகள் பிரிவில் புகார்; பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம், ஆனால் பெயரோடு கொடுத்தால்தான் நடவடிக்கையைத் தொடர்ந்து பார்க்க முடியும். அடுத்தது அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்குப் புகார்: 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அந்தரங்கப் படம், உருமாற்றிய படம் பற்றிப் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ புகார் தந்தால், இரண்டு மணி நேரத்தைத் தாண்டாமல் நீக்க நடவடிக்கை எடுத்தாக வேண்டும் (2026 பிப்ரவரி வரை இது 24 மணி நேரமாக இருந்தது). மூன்றாவது "டேக் இட் டவுன்", அமெரிக்காவின் காணாமல்போன குழந்தைகளுக்கான தேசிய மையம் 2023இல் தொடங்கிய இலவச சேவை. 18 வயதுக்கு முன் எடுத்த படங்களுக்கானது. படம் அங்கே ஏறாது. போனுக்குள்ளேயே அதன் ஹாஷ் உருவாகி, அந்த எண் மட்டும் போகும். இன்ஸ்டாகிராம், பேஸ்புக், ஸ்னாப்சாட் போன்ற பங்கேற்கும் தளங்கள் அதை வைத்துப் படத்தைத் தடுக்கும். அதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும்: வாட்ஸ்அப் போன்ற மறையாக்கம் செய்த உரையாடலுக்குள் அது வேலை செய்யாது, படத்தை வெட்டியோ மாற்றியோ போட்டால் பிடிபடாமலும் போகலாம். அதனால் சில வாரம் கண்காணிக்க வேண்டியிருக்கும்.

இந்தச் சேவைக்காகப் படத்தைத் தேர்ந்தெடுப்பது பிள்ளையின் போனில், பிள்ளையே. ஆசிரியர் திரையைப் பார்க்காமல் பக்கத்தில் இருந்து வழிகாட்டினால் போதும்.

வகுப்பறை_ஏழு

குறிப்பின் மறுபக்கத்தில் முன்தடுப்பும் போடுங்கள். ஏ.ஐ. படங்களுக்கு முகம் கிடைப்பது பெரும்பாலும் பள்ளியின் பொதுப் பக்கங்களிலிருந்துதான். ஆண்டு விழாப் படங்களில் பெயர், வகுப்பு சேர்க்க வேண்டாம். தனி முகங்களுக்குப் பதில் கூட்டமாக, தூரத்திலிருந்து எடுத்தது போதும். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். கம்யூனிட்டி அறிவிப்புக் குழுவாக மாற்றினால் அட்மின் தவிர மற்றவர்களுக்கு எண் தெரியாது. ஆசிரியர் மாணவரோடு தனிச்செய்தி கூடாது, வீட்டுப்பாடச் சந்தேகமானாலும் பெற்றோரோ இன்னொரு ஆசிரியரோ இருக்கும் குழுவில்தான் என்று விதி வையுங்கள். நல்ல ஆசிரியருக்கும் அது பாதுகாப்பு.

இன்ஸ்டாகிராமின் பதின்வயதுக் கணக்கு இந்தியாவில் 2025 பிப்ரவரியிலிருந்து இருக்கிறது. கணக்கு தானாகப் பிரைவேட் ஆகும், பிள்ளை பின்தொடராத, ஏற்கெனவே தொடர்பில் இல்லாத யாரும் செய்தி அனுப்ப முடியாது, 16க்குக் கீழ் என்றால் அதைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். ஆனால் பிறந்த ஆண்டைக் கூட்டிப் போட்ட கணக்குக்கு இது எதுவும் பொருந்தாது. பெற்றோர் கூட்டத்தில் போனை எடுத்துப் பிறந்த தேதியை மட்டும் சரிபார்க்கச் சொல்லுங்கள், அதுவே பெரிய வேலை.

கடைசியாக, மாணவர்கள் புகார்ச் சீட்டுப் போடும் "மாணவர் மனசு" பெட்டி. பல பள்ளிகளில் அது ஹெச்.எம். அறை வாசலில், கேமராவுக்குக் கீழே தொங்குகிறது. அங்கே எந்தப் பிள்ளையும் சீட்டுப் போடாது. மாடிப்படித் திருப்பத்துக்கோ நூலகத்துக்கோ மாற்றுங்கள், நாளும் நேரமும் குறித்து இருவர் சேர்ந்து திறக்கட்டும். 1098, 14417 (பள்ளிக் கல்வி உதவி எண்), 1930, 14416 எண்களைக் கழிவறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள், ஆண் பிள்ளைகள் கழிவறையிலும்.